வெங்காயம் உரிக்கத் தெரியாதவள்

எனக்கு வெங்காயம் உரிக்கத் தெரியாது என்பது பதினாறு வயது வரை ஒரு குறையாகவே தோன்றியதில்லை. மயிலாப்பூரில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் வெங்காயம் உள்ளே வராது. எங்கள் வீட்டுக்கு வரும் காய்கறிக்காரி கூடையை இறக்கியதும் முதல் வேலையாக வெங்காயத்தின் மேல் ஒரு ஈரத்துணியைப் போட்டு மூடிவிட்டுத்தான் அம்மாவைக் கூப்பிடுவாள். அதைச் சாப்பிடாதே என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. கேட்டிருந்தால்தானே சொல்வதற்கு.

இன்டர்மீடியட்டில் இயற்கை அறிவியல் பிரிவு எடுத்துக் கல்லூரியில் சேர்ந்தபோது எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற நினைப்போடுதான் போனேன். இதைச் சொல்ல இப்போது கூச்சமில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பாடத்திலும் முதலில் வந்தவள். அதில் வந்த தலைக்கனம் இறங்க நெடுநாள் ஆயிற்று. கல்லூரி திறப்பதற்கு முன்பே பாடப்புத்தகத்தின் முதல் பகுதியை இரண்டு முறை படித்து முடித்திருந்தேன். எல்லா உயிர்களும் செல்களால் ஆனவை, செல்லைச் சுற்றிச் சுவர், உள்ளே புரோட்டோபிளாசம், அதற்குள் நியூக்ளியஸ் என்று கண்ணை மூடிக்கொண்டு படம் போடுவேன். மைக்ராஸ்கோப்பை மட்டும் பார்த்ததில்லை. அதில் என்ன பெரிய விஷயம், புத்தகத்தில் இருப்பதைத்தானே அதிலும் பார்க்கப்போகிறோம் என்று இருந்தேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் பித்தளை மைக்ராஸ்கோப்புகள் பன்னிரண்டு இருந்தன. எல்லாம் ஜெர்மனியில் செய்தவை. போர் நடந்துகொண்டிருந்ததால் புதிதாக ஒன்று வாங்க வழியில்லை. இருப்பதில் ஒரு திருகு கழன்றால்கூட வேறு திருகு கிடைக்காது. மேசைக்கு ஒன்று, ஒன்றுக்கு இரண்டு பேர் என்று வகுப்பில் இருபத்து நாலு பெண்களைத்தான் சேர்த்தார்கள். இடம் கிடைக்காதவர்கள் சரித்திரமும் தர்க்கமும் எடுத்துக்கொண்டு, எங்களில் யாராவது விலகமாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் விரிவுரையாளர் ஒல்லியான பெண்மணி. குரலை உயர்த்த மாட்டார், சிரிக்கவும் மாட்டார். முதல் நாளே ரெக்கார்டு நோட்டைப் பற்றி ஒரு விதி சொன்னார். மைக்ராஸ்கோப்பில் கண்டதை மட்டுமே வரைய வேண்டும். பக்கத்துப் பெண்ணைப் பார்த்து வரைந்தது தெரிந்தால், அந்தப் பெண் வேறு பிரிவுக்குப் போக வேண்டியதுதான், அவள் இடம் வெளியே காத்திருப்பவளுக்கு. சும்மா மிரட்டுகிறார் என்று சிலர் நினைத்தார்கள். முந்தின வருஷம் ஒருத்தியை அப்படி அனுப்பியிருக்கிறார் என்று சீனியர் பெண்கள் சொன்ன பிறகு யாரும் அப்படி நினைக்கவில்லை.

என் மேசைத் துணைக்குச் சாந்தோமில், அவர்கள் மாதா கோயிலுக்குப் பின்பக்கத் தெருவில் வீடு. அப்பா, இரண்டு அக்காமார், ஒரு சித்தப்பா எல்லாரும் ஆசிரியர்கள். அவர்கள் வீட்டில் சாக்பீஸ் படாத கையே கிடையாது என்று அவளே கேலி செய்வாள். அவளுக்கு மட்டும் டாக்டராக வேண்டும் என்ற ஆசை. இயற்கை அறிவியல் இன்டர்மீடியட் இல்லாமல் மருத்துவக் கல்லூரி வாசலை மிதிக்க முடியாது. இந்த இடம் போனால் மறுபேச்சு பேசாமல் ஆசிரியப் பயிற்சிக்குப் போய்விட வேண்டும் என்று அவள் அப்பா கறாராகச் சொல்லித்தான் சேர்த்திருந்தார். அவள் இதையெல்லாம் முதல் வாரத்திலேயே என்னிடம் சொல்லிவிட்டாள். அவளுக்கு ஆங்கிலம் மெதுவாக வரும். எனக்கு வேகமாக வரும். அதனால் பாடத்தில் எந்தச் சந்தேகம் வந்தாலும் விரிவுரையாளரை விட்டுவிட்டு என்னைத்தான் கேட்பாள். நானும் தயங்காமல் பதில் சொல்வேன். தெரிந்ததற்கும் சொல்வேன், தெரியாததற்கும் சொல்வேன்.

முதல் செய்முறை வெங்காயச் சவ்வு. விரிவுரையாளர் முன் மேசையில் செய்துகாட்டினார். எல்லாரும் எழுந்து போய் அவரைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். நான் போகவில்லை. படித்தாயிற்றே, பார்ப்பானேன் என்று என் இடத்திலேயே உட்கார்ந்து நோட்டில் தலைப்பை அழகான எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். பிறகு அட்டெண்டர் ஒரு தட்டில் வெங்காயங்களைக் கொண்டுவந்து மேசைக்கு ஒன்று வைத்தார். கண்ணாடிச் சில்லுகளையும் அவற்றின் மேல் மூடும் மெல்லிய வில்லைகளையும் எண்ணிக் கொடுத்தார். வில்லை உடைந்தால் வேறு கிடையாது என்று ஒவ்வொரு மேசையிலும் சொல்லிவிட்டுப் போனார்.

வெங்காயம் என் கண்ணுக்கு முன்னால் அவ்வளவு அருகில் இருந்தது அதுவே முதல் தடவை. அதைக் கையால் தொட மனமில்லை. வாடை விரலில் ஒட்டினால் வீட்டில் என்ன சொல்வது என்ற கவலை வேறு. இடுக்கியால் தொட்டேன். தொட்டதுமே மேலே இருந்த சருகு கலகலவென்று பிரிந்து வந்தது. மெல்லியது, பழுப்பு நிறம், வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிந்தது. சவ்வு என்றால் இதைவிட மெல்லியதாக எப்படி இருக்கும்? உள்ளே கொழகொழவென்று கனமாக, ஈரமாக இருந்த வெள்ளைப் பகுதியைப் பார்த்து இது வேண்டாத பாகம் என்று தீர்மானித்து ஒதுக்கி வைத்தேன். வெங்காயம் உரித்துப் பழகிய எந்தப் பெண்ணும் குப்பையில் போடுவதை நான் சில்லில் வைத்து, அயோடின் ஒரு சொட்டு விட்டு, வில்லையால் மூடினேன். நான் ஒதுக்கிய வெள்ளைப் பகுதியை என் துணை எடுத்துக்கொண்டாள். அதை ஒடித்து, உட்பக்கத்திலிருந்து எதையோ லாகவமாக இழுத்து எடுத்தாள். பாவம், இவள் தப்பாகச் செய்கிறாளே என்று நினைத்தேன்.

மைக்ராஸ்கோப்பின் அடிக் கண்ணாடியை ஜன்னல் பக்கம் திருப்பி, குழாயில் கண்ணை வைத்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. செங்கல் அடுக்கியதுபோல வரிசை வரிசையாகக் கட்டங்கள்! ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் பளிச்சென்று, கூர்மையான முனைகளோடு, சின்னதாக ஒரு சதுரக் கட்டி. கட்டம்தான் செல், கட்டிதான் நியூக்ளியஸ். புத்தகத்தில் நியூக்ளியஸை வட்டமாகப் போட்டிருந்தார்களே என்று ஒரு கணம் யோசித்தேன். வெங்காயத்துக்கு இப்படித்தான் போலிருக்கிறது என்று புத்தகத்தையே திருத்திக்கொண்டேன். பென்சிலைக் கூர்தீட்டி வரைந்தேன். கோடு பிசிறில்லாமல் வந்தது.

பிறகு அவள் தன் சில்லை வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். மெதுவாக வரைந்து, நோட்டை என் பக்கம் நகர்த்தி, இது சரியா என்று கேட்டாள். நீள நீளமான செல்கள். சுவரோரமாக ஒதுங்கி, மங்கலாக, ஒவ்வொன்றிலும் ஒரு வட்டம். புத்தகத்தில் ஒரு எச்சரிக்கை படித்திருந்தேன்: புதிதாகப் பார்ப்பவர்கள் வில்லைக்கு அடியில் அகப்படும் காற்றுக் குமிழிகளைக் கண்டு ஏமாறுவார்கள், அவை வட்டமாக இருக்கும் என்று. அதை அப்படியே அவளிடம் எடுத்துவிட்டேன்.

"இதெல்லாம் காத்துக் குமிழிடீ. என்னோடதைப் பாரு, நியூக்ளியஸ் எவ்வளவு தெளிவா இருக்கு."

நீயே ஒரு தடவை என் சில்லைப் பாரேன் என்றாள். வேண்டியதில்லை என்றேன். மணியடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது, எனக்குப் பாகங்களின் பெயர் எழுதும் வேலை பாக்கி இருந்தது. அவள் ரப்பரை எடுத்தாள். அதற்கு மேல் நான் கவனிக்கவில்லை.

நோட்டுகளை வாங்கிக்கொண்டு போன விரிவுரையாளர் மூன்று வாரம் திருப்பித் தரவில்லை. அந்த மூன்று வாரமும் வேறு சோதனைகள் செய்தோம். உயிர் எந்தெந்தப் பொருளால் ஆனது என்ற பாடம். சோற்றுக் கஞ்சியில் அயோடினை விட்டால் கருநீலமாகும், அது மாவுப்பொருள். திராட்சைச் சாற்றில் நீலக் கரைசலை விட்டுக் காய்ச்சினால் செங்கல் நிறம் படியும், அது சர்க்கரை. முட்டையின் வெள்ளைக் கருவில் அமிலம் பட்டால் மஞ்சளாகும், அது புரதம். கஞ்சி, திராட்சை வரைக்கும் நான்தான் ராணி. முட்டை வந்தபோது குழாயை அவள் பிடித்துக்கொண்டாள், நான் தள்ளி நின்று எழுதிக்கொண்டேன். அதே அமிலம் என் கட்டைவிரலில் ஒரு துளி பட்டு அந்த இடமும் மஞ்சளாகிவிட்டது. என் தோலும் அந்த முட்டையும் ஒரே வகைச் சரக்கு என்பதை எண்ணி அன்று முழுவதும் எனக்குச் சிரிப்பாகவே இருந்தது. இந்தப் படிப்பு எனக்கு உண்மையாகவே பிடித்துப்போனது அந்த மூன்று வாரத்தில்தான்.

நோட்டுகள் திரும்பி வந்தன. என் பக்கத்தில் மூலைக்கு மூலை ஒரு சிவப்புக் கோடு. கீழே, நியூக்ளியஸ் எங்காவது செங்கல் மாதிரி இருக்குமா, இதை எங்கே பார்த்தாய் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அவள் பக்கத்திலும் அதே சதுரக் கட்டிகள், அதே கோடு. கீழே எழுதியிருந்தது மட்டும் வேறு: பக்கத்துப் பெண்ணைப் பார்த்து வரைந்தது, வந்து என்னைப் பார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. செங்கல் மாதிரி இருந்தது, அதனால் செங்கல் மாதிரி போட்டேன். நான் காணாததைக் கண்டதாக எழுதுகிறவளா? அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே விரிவுரையாளர் அறைக்குப் போனேன். என் படத்தில் இருப்பது முழுவதும் என் கண்ணால் கண்டது, வேண்டுமானால் இப்போதே மறுபடி செய்து காட்டுகிறேன் என்றேன். நான் ஜெயித்துவிட்டால் எங்கள் இரண்டு பேர் வழக்கும் தீர்ந்துவிடும் என்பது என் கணக்கு. விரிவுரையாளர் எழுந்து ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். சரி, செய் என்றார்.

வகுப்பில் மற்றவர்கள் வேடிக்கை பார்க்க அட்டெண்டர் ஒரு வெங்காயம் கொண்டுவந்து கொடுத்தார். நான் இடுக்கியால் சருகைப் பிரித்தேன். அவர் அங்கேயே நின்றார்.

"இன்னாமா, குப்பையிலே போடறத எடுத்து வெச்சிக்கினு கீறியே."

பெண்கள் சிரித்தார்கள். நான் காதில் வாங்காமல் சருகைச் சில்லில் வைத்து மூடி, கண்ணாடியைத் திருப்பி, ஒதுங்கி நின்றேன். விரிவுரையாளர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் முதல்முறையாகக் கொஞ்சம் சுவாரசியம் தெரிந்தது. இவை நியூக்ளியஸ் அல்ல, படிகங்கள் என்றார். வெங்காயத்தின் மேல்தோல் காய்ந்து செத்துப்போகும்போது செல்லுக்குள் கால்சியம் உப்பு ஒன்று இப்படிக் கட்டியாக உறைந்து நிற்கும். செல் காலி வீடு. உள்ளே இருப்பது அந்த உப்பு மட்டும். நீ பிழையாக எடுத்திருக்கிறாய், ஆனால் கண்டதைத்தான் வரைந்திருக்கிறாய் என்று சொல்லி, இதற்கு முன் வெங்காயம் உரித்ததில்லையா என்று கேட்டார். எங்கள் வீட்டில் வழக்கமில்லை என்று சொன்னபோது அசடு வழிந்தது. ஆனாலும் ஜெயித்தது நான்தான். வகுப்பு முழுவதும் கேட்க, நான் காணாததை வரையவில்லை என்று ஆகிவிட்டது.

அந்தச் சந்தோஷம் அரை நிமிஷம் இருந்திருக்கும். விரிவுரையாளர் என் துணையின் பக்கம் திரும்பி, அன்று நீ எந்தப் பகுதியை எடுத்தாய் என்று கேட்டார்.

அவள் உள்சவ்வு என்றாள்.

அப்படியானால் படிகம் உன் படத்துக்குள் எப்படி வந்தது என்று அவர் கேட்டார். உயிருள்ள உள்சவ்வில் அந்தச் சதுரக் கட்டிகள் இருக்கவே முடியாது. நான் கண்ணால் கண்டேன் என்று ஊரறிய நிரூபித்ததில், அவள் கண்ணால் காணவில்லை என்பதையும் சேர்த்தே நிரூபித்துவிட்டேன். நாளை மறுநாள் அப்பாவை அழைத்து வா என்று சொல்லிவிட்டு விரிவுரையாளர் தம் அறைக்குப் போய்விட்டார்.

வராந்தாவில் எனக்கு வந்த கோபம், சொன்னால் வெட்கக்கேடு, அவள் மேல்தான் வந்தது. எதற்காக என்னைப் பார்த்து வரைந்தாய், உனக்குக் கண் இல்லையா என்று கத்தினேன். அவள் அழவில்லை. என்னைப் பார்க்காமல் தூணைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எனக்கு வட்டமாத்தான் தெரிஞ்சுது. நீதான் காத்துக் குமிழின்னே. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அழிச்சுட்டேன்."

அவள் நோட்டைப் பிடுங்கிப் பிரித்தேன். சதுரக் கட்டிகளுக்கு அடியில் காகிதம் நாரெடுத்துத் தேய்ந்து கிடந்தது. சாய்த்துப் பிடித்தால், பென்சில் அழுத்திய தடம் காகிதத்தில் பள்ளமாக நின்றது: வட்டங்கள், சுவரோரமாக, ஒவ்வொரு செல்லிலும். அவள்தான் சரியாகப் பார்த்தவள். வகுப்பில் அன்று அவ்வளவு நன்றாகச் சவ்வெடுத்தவள் வேறு யாராவது இருந்திருப்பார்களா என்பதே சந்தேகம். அவள் சில்லைப் பார்க்கச் சொல்லிக் கேட்டதும் நான் வேண்டியதில்லை என்றதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன.

மறுபடி விரிவுரையாளர் அறை. இந்த முறை கதவைத் தட்டக்கூட இல்லை. நோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துக் காட்டி, இவள் பார்த்திருக்கிறாள், சரியாகவே பார்த்திருக்கிறாள், அழிக்கச் சொன்னவள் நான், தண்டனை எனக்குக் கொடுங்கள் என்றேன். அவர் அந்தத் தடங்களை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. பார்க்கவே இல்லை என்றால்கூடப் பரவாயில்லை என்றார். சரியாகப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருப்பவள் சொன்னாள் என்று அழித்தாளே, நாளைக்கு ஒரு நோயாளியின் முன்னால் நின்று இதையே செய்தால்?

நான் விடாமல் அங்கேயே நின்றேன். வாய் ஓய்ந்தாலும் கால் நகராத பிடிவாதம் எனக்கு எப்போதும் உண்டு. கடைசியில் அவர், வரும் வியாழக்கிழமை இரண்டு பேரும் வேறு வேறு மேசையில் உட்கார்ந்து புதிதாகச் சவ்வெடுத்து வரைய வேண்டும் என்றார். ஒருவரோடொருவர் பேசக் கூடாது. அவள் படத்தைப் பார்த்த பிறகு அப்பாவை அழைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த நேரத்துக்கு நான் சாந்தோமில் அவள் வீட்டில் இருந்தேன். அவர்கள் சமையலறையில் வெங்காயம் ஒரு கூடை நிறைய இருந்தது. அவள் எனக்கு உரிக்கக் கற்றுக்கொடுத்தாள். சருகை வீசியெறி, வெங்காயத்தை நாலாகப் பிள, ஒரு மடலை எடு, உட்பக்கமாக வளைத்து ஒடி, ஒடிந்த இடத்தில் மெல்லிய தோல் தொங்கும், அதைப் பிடித்து மெதுவாக இழு. என் கையில் அது கிழிந்து கிழிந்து வந்தது. கண்ணில் தண்ணீராகக் கொட்டியது. அவளுடைய அக்கா எட்டிப்பார்த்து, இன்னா, உங்க தெருவுல இருந்து அழறதுக்கு ஒரு ஆளா என்று கேட்டுவிட்டுப் போனாள். ஏழாவதோ எட்டாவதோ தடவையில் முழுசாக ஒன்று வந்தது. தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டதும் இருக்குமிடம் தெரியாமல் மிதந்தது. சருகைச் சவ்வு என்று நினைத்த என் புத்தியை அப்போது நானே நொந்துகொண்டேன்.

பதிலுக்கு நான் அவளுக்குப் பாடம் நடத்தினேன். ஒவ்வொரு செல்லிலும் நியூக்ளியஸ் உண்டு, ஒன்றுகூட விடாமல் போட்டுவிடு, பெயரை நேர்க்கோட்டில் வலது பக்கம் எழுது, இந்தத் தடவை ஒரு குற்றமும் அவருக்குக் கிடைக்கக் கூடாது என்று ஒன்றரை மணி நேரம் பேசியிருப்பேன். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவுக்கு வாடை தெரிந்துவிட்டது. என் விரலைப் பிடித்து முகர்ந்தாள்.

"காலேஜ்ல இதுகூடவா சொல்லித்தரா? ஆத்துக்குள்ள வரச்சே புளி போட்டுத் தேச்சு அலம்பிண்டு வா."

நடந்ததை எல்லாம் சொன்னேன். அம்மா படிகத்தையோ நியூக்ளியஸையோ பற்றிக் கேட்கவில்லை. அந்தப் பொண்ணுக்கு இடம் போயிடாதே என்று மட்டும் கேட்டாள். போகாது, நான் விடமாட்டேன் என்றேன். நான் விட்டால் என்ன, விடாவிட்டால் என்ன என்பதுபோல அம்மா என்னைப் பார்த்துவிட்டுப் புளியை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

வியாழக்கிழமை அவளுக்கு ஜன்னலோர மேசை, எனக்கு எதிர்க்கோடியில். அட்டெண்டர் என் மேசையில் வெங்காயத்தை வைத்துவிட்டு, நான் சருகை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போடும் வரை நின்று பார்த்து, திருப்தியோடு நகர்ந்தார். சவ்வு முதல் இழுப்பிலேயே வந்தது. குழாயில் கண்ணை வைத்தேன். நீண்ட செல்கள், சுவரோரமாக வட்டம் வட்டமாக, அயோடின் பட்டு மஞ்சளாக. அவள் அழித்த படத்தை நான் முதல்முறையாக உயிரோடு பார்த்தேன். வேகமாகப் பத்துச் செல் வரைந்தேன், பத்திலும் நியூக்ளியஸ், பத்தும் அச்சடித்தாற்போல. முடித்துவிட்டு அவளைப் பார்த்தேன். அவள் இன்னும் குழாயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

விரிவுரையாளர் முதலில் அவளிடம் போனார். நோட்டைத் திருப்பிப் பார்த்தவர் அப்படியே நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை, எழுந்து அவர் பின்னால் போய் எட்டிப்பார்த்தேன். ஒன்பது செல் வரைந்திருந்தாள். அதில் இரண்டு காலி. சுவர் மட்டும் இருந்தது, உள்ளே ஒரு புள்ளிகூட இல்லை. படித்துப் படித்துச் சொன்னேனே, ஒன்றுகூட விடாதே என்று! அவள் இடம் போயிற்று, என்னால்தான் போயிற்று என்று நினைத்தேன்.

இந்த இரண்டில் நியூக்ளியஸ் எங்கே என்று விரிவுரையாளர் கேட்டார். அவள் எழுந்து நின்றாள். பயத்தில் அவளுக்கு ஆங்கிலம் வரவில்லை. என் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். நான் கண்ணாலேயே, மறந்துவிட்டேன் என்று சொல் என்று கெஞ்சினேன். அவள் பார்வையை என்னிடமிருந்து எடுத்துவிட்டாள்.

"இருக்கும், மிஸ். எனக்குத் தெரியல. தெரியாதத எப்படிப் போடறது?"

விரிவுரையாளர் அவள் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். திருகைத் தொடவில்லை, சில்லை நகர்த்தவில்லை. அவள் விட்ட இடத்தை அப்படியே பார்த்தார். நிமிர்ந்து, பேனாவைத் திறந்து, அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் நோட்டை மூடி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷம் தீர்வதற்குள் விரிவுரையாளர் என் மேசைக்கு வந்துவிட்டார். என் படத்தைப் பார்த்தார், என் குழாயில் குனிந்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். மேல்வரிசையில் மூன்றாவது செல்லில் நியூக்ளியஸ் போட்டிருக்கிறாயே, எனக்குக் காட்டு என்றார். கண்ணை வைத்துத் தேடினேன். திருகை மேலும் கீழும் ஏற்றி இறக்கினேன். கிடைக்கவில்லை. ஒவ்வொரு செல்லிலும் ஒன்று உண்டு என்று எனக்குத் தெரியும், அதனால் போட்டுவிட்டிருந்தேன். சருகைப் பார்த்த அன்றாவது கண்டதை வரைந்தேன்; இன்று அதுவும் இல்லை. அவர் கோபப்படவில்லை. புதுப் பக்கத்தில் மறுபடி வரை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எல்லாரும் கலைந்து போனார்கள். அவள் போகாமல், என் மேசைக்கு எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை, எட்டிப்பார்க்கவும் இல்லை. நான் ஒவ்வொரு செல்லாகப் பார்த்து வரைந்துகொண்டு வந்தேன். மூன்றாவது செல் வந்தது. பார்த்தேன், திரும்பவும் பார்த்தேன். உள்ளே எதுவும் தெரியவில்லை. பென்சில் அந்தக் கட்டத்தின் மேல் அப்படியே நின்றது. எத்தனையோ பரீட்சை எழுதியவள், எதற்கும் அஞ்சாதவள், அந்த ஒரு கட்டத்தைக் காலியாக விடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. அவள் எதிரிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த செல்லுக்குப் போனேன்.